பொட்டலம் சுமந்தவனுக்குத் தூக்கு: அயல்நாட்டுப் போதைச் சட்டங்கள் பற்றி ஒரு வியாபாரியின் குறிப்புகள்

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் என்னிடம் சமணக் கல்வெட்டு பற்றித்தான் எதிர்பார்த்திருப்பார்கள். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த நயினார் குடும்பத்துக்காரன். ஷாதிபூரில் மளிகைக் கடை வைத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கல்லாவில் உட்கார்ந்தபடியே படித்துப் பழகியவன். ஆனால் போன மாதம் கடைக்கு வந்த ஓர் அம்மா கேட்ட கேள்வி என்னைக் கல்வெட்டுப் பக்கம் போகவிடவில்லை. அவர் மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறான். குருமாவுக்கும் சாம்பாருக்கும் வேண்டிய சாமான்களை எழுதிக்கொண்டு வந்தவர், கடைசியில், "நயினாரே, பக்கத்து வீட்டுக்காரங்களும் அவங்க மச்சானுக்கு ஒரு பார்சல் குடுக்கறாங்க. எடுத்துட்டுப் போகச் சொல்லலாமில்ல?" என்றார்.

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அதில் என் தப்பும் ஒன்று இருக்கிறது.

முதலில் எடைக் கணக்கு. வியாபாரிக்கு அதுதான் விளங்கும். சிங்கப்பூரின் போதைப்பொருள் துஷ்பிரயோகச் சட்டம் 1973-இல் வந்தது. 1975-இல் அதில் மரண தண்டனையைச் சேர்த்தார்கள். தூய ஹெராயின் 15 கிராமுக்கு மேல் கடத்தினால் தூக்கு. பதினைந்து கிராம் என்றால் எவ்வளவு? இரண்டு பவுனுக்கும் ஒரு கிராம் குறைவு. தாலிக்கொடியில்கூட இதைவிட எடை இருக்கும். கொக்கெயின் 30 கிராம், மெத்தம்ஃபெட்டமின் 250 கிராம், கஞ்சா 500 கிராம். இவற்றுக்கு மேல் போனாலும் அதே தண்டனைதான்.

இப்போது நம் நாட்டுச் சட்டத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்தியாவின் போதைப்பொருள் சட்டம் 1985-இல் வந்தது. கஞ்சா ஒரு கிலோ வரை நமக்குச் 'சிறிய அளவு'. அதற்கு அதிகபட்சம் ஓராண்டு சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இருபது கிலோவிலிருந்துதான் 'வணிக அளவு' கணக்கு. அரைக் கிலோவும் கொஞ்சமும் வைத்திருக்கிற பையன் இங்கே ஓராண்டுக்குள் வெளியே வந்து மறுபடி பெற்றவர்களைப் பார்ப்பான். அதே பை அதே எடையோடு சாங்கி விமான நிலையத்தில் பிடிபட்டால் தூக்குமேடை. நம் பிள்ளைகளுக்கு இது தெரியாது. நம்மூர் அளவை மனத்தில் வைத்துக்கொண்டே விமானம் ஏறுகிறார்கள்.

நம் சட்டம் மென்மையானது என்றும் நினைக்க வேண்டாம். ஹெராயினில் கலப்படத்தையும் சேர்த்து மொத்த எடையைத்தான் இங்கே கணக்கிடுவார்கள்; 2020-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. சிங்கப்பூரில் கலப்பை நீக்கித் தூய சரக்கை மட்டும் எடைபோடுவார்கள். நம் சட்டத்திலும் மரண தண்டனை உண்டு. பெரிய அளவுக் குற்றத்தை இரண்டாம் முறை செய்தவருக்கு அது கட்டாயமாகவே இருந்தது. அந்தக் கட்டாயத்தை 2011-இல் மும்பை உயர் நீதிமன்றம் ஏற்க மறுத்தது. 2014-இல் நாடாளுமன்றமும் சட்டத்தைத் திருத்தி, கொடுப்பதா வேண்டாமா என்பதை நீதிபதியிடம் விட்டுவிட்டது.

நம் தீவிலேயே கண்ட உதாரணம் இருக்கிறது. 2024 நவம்பரில் பேரன் தீவுப் பக்கம் கடலோரக் காவல்படை ஒரு மியான்மர் மீன்பிடிப் படகை மடக்கியது. உள்ளே ஏறக்குறைய 6,000 கிலோ மெத்தம்ஃபெட்டமின். இரண்டிரண்டு கிலோவாகக் கட்டிய பொட்டலங்கள். ஆறு மியான்மர்க்காரர்கள் கைதானார்கள். அதற்கு முன்பே, 2019 செப்டம்பரில், கார் நிகோபார் பக்கம் இன்னொரு படகில் 1,160 கிலோ கெட்டமின் பிடிபட்டது. கரை ஒதுங்குகிற பொட்டலங்களைப் பற்றி நம் மீனவர்களிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். மியான்மரிலிருந்து மலாக்கா நீரிணைக்குப் போகிற சரக்குக்கு நம் தீவுகள் வழியில் கிடக்கிற கற்கள் மாதிரி. நம் சட்டப்படி முதல் குற்றத்துக்கு அந்த ஆறாயிரம் கிலோவுக்கும் பத்து முதல் இருபது ஆண்டு சிறைதான். இதே கடலைத் தாண்டி அக்கரை போனால் கால் கிலோவுக்கு உயிர் போகும்.

சரி, அக்கரையில் உயிர் கொடுத்தவர்கள் யார்? பெயர்களைப் படித்தால் நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது. அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

நாகேந்திரன் தர்மலிங்கம், மலேசியத் தமிழர். 2009 ஏப்ரலில், இருபத்தொரு வயதில், உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடியில் பிடிபட்டார். தொடையில் கட்டியிருந்த பொட்டலத்தில் 42.72 கிராம் ஹெராயின். ஐந்தேகால் பவுனுக்குச் சற்று மேல். அறிவுத்திறன் அளவு 69 என்று மருத்துவர் சொன்னதை அவர் தரப்பில் வைத்து வாதாடினார்கள். செய்வதன் தன்மை அவருக்குத் தெரிந்தே இருந்தது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதின்மூன்று ஆண்டு சிறையில் இருந்தபின் 27-4-2022 அன்று தூக்கிலிட்டார்கள்.

தங்கராஜு சுப்பையா, சிங்கப்பூர்த் தமிழர். இவர் விஷயம் இன்னும் கடினம். 1,017.9 கிராம் கஞ்சாவைக் கடத்த உடந்தை என்று குற்றச்சாட்டு. அந்தக் கஞ்சாவை அவர் கையால் தொட்டதேயில்லை. சரக்கு வந்தவருடன் பேசிய கைபேசி எண்கள் இவருடையவை என்பதுதான் வழக்கின் ஆணிவேர். விசாரணையில் வாக்குமூலம் வாங்கியபோது தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டேன், தரவில்லை என்று அவர் சொன்னதை நீதிமன்றம் நம்பவில்லை. 26-4-2023 அன்று தண்டனை நிறைவேறியது.

பன்னீர்செல்வம் பிரந்தாமன், இவரும் மலேசியர். 2014-இல் 51.84 கிராமோடு பிடிபட்டார். ஆறரைப் பவுனுக்குச் சற்றுக் குறைவு. சிறையிலிருந்து கவிதை எழுதினார். வெளியே அவருடைய சகோதரிகள் வருஷக்கணக்கில் அலைந்தார்கள். 2025 அக்டோபர் 8-ஆம் தேதி அவரும் போய்விட்டார்.

இவர்கள் எல்லாம் நிரபராதிகள் என்று நான் எழுதவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. பொட்டலம் இருந்தது உண்மை. ஆனால் சட்டம் எந்த வழியாக அந்த முடிவுக்கு வருகிறது என்பதைப் பெற்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த வழிக்குப் பெயர் அனுமானம். நம் சாதாரண நியாயத்தில் குற்றம் சாட்டுகிறவர்தான் நிரூபிக்க வேண்டும். போதைச் சட்டத்தில் அது தலைகீழ். சிங்கப்பூரில் ஒரு பை உன் வசம் இருந்தால், அதற்குள் இருப்பதும் உன் வசம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். உன் வசம் இருப்பதால் அது இன்ன சரக்கு என்று உனக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்ளும். இரண்டு கிராமுக்கு மேல் ஹெராயின் என்றால் விற்கத்தான் வைத்திருந்தாய் என்று எடுத்துக்கொள்ளும். "எனக்குத் தெரியாது ஐயா" என்பதை இனி நீதான் நிரூபிக்க வேண்டும். தெரியாது என்பதை எப்படி நிரூபிப்பது? என் கிடங்கில் இருக்கிற நூறு மூட்டையிலும் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தா வாங்கினேன்? மேலே ஒட்டிய சீட்டை நம்பி வாங்கினேன். மலேசியச் சட்டத்திலும் இந்த அனுமானம் உண்டு. நம் இந்தியச் சட்டத்திலும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் இங்கே அந்த அனுமானத்தின் முடிவில் சிறை இருக்கிறது. அங்கே கயிறு இருக்கிறது.

2013-லிருந்து சிங்கப்பூர் ஒரு சின்னக் கதவைத் திறந்தது. வெறும் சுமைதூக்கியாக இருந்து, கடத்தலை முறியடிக்கப் பெரிய அளவில் துணைசெய்ததாக அரசு வழக்கறிஞர் சான்று கொடுத்தால், தூக்குக்குப் பதில் ஆயுள் சிறையும் பதினைந்துக்குக் குறையாத பிரம்படியும் கொடுக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. யோசித்துப் பாருங்கள். நிறையத் தெரிந்தவன்தான் நிறையச் சொல்ல முடியும். பெரிய கையாளுக்குச் சொல்ல நாலு பெயர் இருக்கும். பாலத்தருகே முகம் தெரியாத ஒருவனிடம் பை வாங்கிய ஏழைப் பையனுக்குச் சொல்ல என்ன இருக்கும்? எந்தச் சான்றும் இல்லாமல் அவன் போய்ச் சேருவான்.

எங்கள் சமய நூல்களில் வினையை மூன்றாகப் பிரிப்பார்கள்: செய்தல், செய்வித்தல், உடன்படுதல். தானே செய்தவனுக்கு ஒட்டுகிற பாவம், ஆள் வைத்துச் செய்வித்தவனுக்கும் ஒட்டும். மனசுக்குள் சரியென்று தலையாட்டியவனுக்கும் ஒட்டும். சிறுவயதில் அதைப் பாராயணமாகத்தான் கேட்டேன். இந்த வழக்குகளைப் படித்தபோதுதான் அந்தப் பாகுபாட்டின் கூர்மை புரிந்தது. சட்டப் புத்தகம் செய்வித்தவனையும் குற்றவாளி என்றுதான் சொல்கிறது. ஆனால் எல்லைச் சாவடியில் நிற்பது செய்தவன் ஒருவன்தான். செய்வித்தவன் வேறு ஏதோ ஊரில் டீ குடித்துக்கொண்டிருப்பான்.

விதிவிலக்கும் உண்டு. அதையும் சொல்ல வேண்டும். மயூரன் சுகுமாரன் ஈழத் தமிழ்க் குடும்பத்தில் லண்டனில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். 2005-இல் பாலித் தீவில் எட்டு கிலோவுக்கு மேல் ஹெராயின் கடத்த முயன்ற ஒன்பது பேரில் ஆட்களைச் சேர்த்தவர்கள் இருவர் என்று தீர்ப்பாயிற்று. அதில் ஒருவர் இவர். சிறையில் ஓவியம் கற்று மற்றக் கைதிகளுக்கும் கற்பித்தார். 29-4-2015 அன்று நுசகம்பாங்கன் தீவில் இந்தோனேசியா அவரைச் சுட்டுக் கொன்றது. அங்கே தூக்கு இல்லை, துப்பாக்கிதான். பத்தாண்டில் அந்த மனிதர் வேறு ஆளாக மாறிவிட்டிருந்தார் என்பதைச் சிறை அதிகாரிகளே சொன்னார்கள். மாறியவனைத்தான் சுட்டார்கள்.

அதே இந்தோனேசியாவில் தமிழ்நாட்டைச் சேர்ந்த மூன்று பேருக்கு 2025 ஏப்ரலில் கரிமுன் தீவுக் கீழ் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2024 ஜூலையில் ஒரு சரக்குக் கப்பலில் 106 கிலோ மெத்தம்ஃபெட்டமினோடு பிடிபட்ட வழக்கு. மனைவிமார் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். மேல்முறையீட்டுக்குச் சட்ட உதவி கிடைக்க இந்தியத் தூதரகம் ஆவன செய்ய வேண்டும் என்று அந்த நீதிமன்றம் உத்தரவிட்டது. கரிமுன் சிங்கப்பூருக்கு மிக அருகில் இருக்கிற தீவு. கப்பல் வேலைக்குப் போகிற நம் பையன்கள் கடக்கிற தண்ணீர் அது.

நம்மவர் உயிரோடு திரும்பிய கதையும் இருக்கிறது. 2011 நவம்பரில் மீன் பிடிக்கப் போன இராமேசுவரம் தங்கச்சிமடத்து மீனவர் ஐவரை ஹெராயின் கடத்தியதாக இலங்கைக் கடற்படை பிடித்தது. 30-10-2014 அன்று கொழும்பு உயர் நீதிமன்றம் அவர்களுக்கும் மூன்று இலங்கைத் தமிழருக்கும் மரண தண்டனை விதித்தது. தங்கச்சிமடமே கொந்தளித்தது, தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், பஸ் எரிந்தது. டெல்லியும் சென்னையும் அசைந்தன. பிரதமரே இலங்கை அதிபரிடம் தொலைபேசியில் பேசினார். நவம்பரிலேயே அதிபர் ராஜபக்ச மன்னிப்பு வழங்கினார். ஐவரும் வீடு வந்தார்கள். இலங்கையில் தூக்கு என்று தீர்ப்பு எழுதுவார்களே தவிர 1976-க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை என்பதும் இதில் சேரும். 2019-இல் அதிபர் சிறிசேன நான்கு போதைக் கைதிகளுக்கான உத்தரவில் கையெழுத்துப் போட்டபோதுகூட உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. ஆக அந்த ஐவரைக் காத்தது சட்டம் மட்டுமல்ல, ஓர் ஊரின் கூக்குரல். தனியாக வேலைக்குப் போய் மாட்டிக்கொள்கிற பையனுக்கு எந்த ஊர் தண்டவாளம் பெயர்க்கும்?

மலேசியா நல்ல பக்கம் திரும்பியிருக்கிறது. 1983-லிருந்து அங்கே போதைக் கடத்தலுக்குக் கட்டாய மரணம். 2023 ஜூலை 4 முதல் அந்தக் கட்டாயம் நீங்கியது; தண்டனை இன்னும் உண்டு, ஆனால் நீதிபதி மாற்றிக் கொடுக்கலாம். தூக்குக்குக் காத்திருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வழக்கை மறுபரிசீலனைக்குக் கொண்டுபோக வழி கிடைத்தது. சவூதி எதிர்ப் பக்கம் திரும்பியது. ஏறத்தாழ மூன்றாண்டு இடைவெளிக்குப் பின் 2022 நவம்பரில் போதை வழக்குகளில் மறுபடி தலையை வெட்டத் தொடங்கினார்கள். ஈரான், சீனா பற்றி எழுதினால் மலரில் இடம் போதாது.

என் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியர், "தூக்கில் போட்டால்தான் பயப்படுவான்" என்பார். போதையில் சீரழிந்த பிள்ளைகளை நம் தெருவிலும் பார்த்துவிட்டேன். அவர் கோபம் எனக்கும் உண்டு. சிங்கப்பூர் அரசும் அதைத்தான் சொல்கிறது: இந்தப் பயம்தான் தங்கள் ஊரைக் காக்கிறது என்று. ஐ.நா. மனித உரிமைக் குழு, போதைக் குற்றம் 'மிகக் கொடிய குற்றம்' என்ற வரையறைக்குள் வராது, அதற்கு உயிரை எடுக்கக் கூடாது என்கிறது. நான் வியாபாரிக் கணக்குதான் போடுகிறேன். ஐம்பது ஆண்டாகக் கயிறு தொங்குகிறது. சுமக்க ஆள் இன்னும் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. கடன்காரன் வாசலில் நிற்கிறவனுக்கும், வேலை என்று நம்பிப் போனவனுக்கும் கயிறு கண்ணுக்குத் தெரிவதில்லை.

கையில் பொருளோடு பிடிபட்ட ஒரு வியாபாரியைத் தமிழர்க்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கோவலன் கையில் சிலம்பு இருந்தது உண்மை. அது திருடியது என்று பாண்டியன் அனுமானித்தான். செய்த பொற்கொல்லன் அரண்மனைப் பக்கத்திலேயே நின்றான். அந்தச் சேதி கேட்டு உண்ணாநோன்பில் உயிர்விட்ட கவுந்தியடிகளை எங்கள் வீடுகளில் இன்றும் நினைப்பார்கள். நான் இதைச் சொன்னால் மத விஷயம் என்று ஒதுக்க வேண்டாம். பொட்டலத்தை விசாரித்தான், ஆளை விசாரிக்கவில்லை என்பதுதான் அங்கே குற்றம்.

இப்போது என் தப்பு. பதினெட்டு, இருபது வருஷம் இருக்கும். வளைகுடாவில் வேலை பார்த்த என் தங்கை மகனுக்குக் கொஞ்சம் மளிகை அனுப்ப நினைத்தேன். பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் அதே ஊருக்கு முதல் தடவை போகிறான். மல்லி, மிளகு, பட்டை, சோம்பு, அதோடு கால் கிலோ கசகசா. கடைப் பழக்கத்தில் காகிதத்தில் இறுகச் சுற்றி நூல் போட்டுக் கட்டினேன். பையன் மரியாதையாகக் கேட்டான்: "மாமா, இதுல என்ன இருக்கு?" நான் சொன்னேன்: "மளிகைச் சாமான்தான் தம்பி, பேசாம எடுத்துட்டுப் போ."

கசகசா என்பது அபின் செடியின் விதை. நமக்குக் குருமாவுக்கு அரைக்கிற பொருள். அமீரகத்திலும் சவூதியிலும் சிங்கப்பூரிலும் தடைசெய்த பொருள். விதையில் ஒட்டியிருக்கிற பால் சோதனையில் போதை என்றே காட்டலாம். அதற்காகத் தூக்கில் போட மாட்டார்கள், ஆனால் சிறைக்குப் போனவர்கள் உண்டு. முப்பது வருஷம் விற்கிற எனக்கு இது தெரியாது! சென்னையில் அந்தப் பையன் தங்கிய விடுதியில், அங்கிருந்து திரும்பி வந்த ஒருவர் பெட்டி கட்டும்போது பார்த்து எடுத்தெறிந்திருக்கிறார். பையன் போன் செய்து சொன்னபோது குரலில் கோபம்கூட இல்லை. "பரவாயில்ல மாமா, உங்களுக்கும் தெரியாதுதானே" என்றான். தெரியாதுதான். அங்கே விமான நிலையத்தில் அவன் அதையே சொல்லியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

தெரியாமல் கொடுத்தவன் நான். தெரிந்தே கொடுக்கிற உறவும் இருக்கிறது. 2019-இல் மும்பைத் தம்பதிக்குச் சொந்த அத்தையே கத்தாருக்குப் பயணச் செலவு செய்து அனுப்பினார். புகையிலை என்று சொல்லி ஒரு பொட்டலமும் கொடுத்தார். தோஹாவில் திறந்தால் நாலு கிலோ ஹஷீஷ். அந்தப் பெண் கர்ப்பிணி. இருவருக்கும் பத்தாண்டு. சிறையிலேயே குழந்தை பிறந்தது. இங்கே குடும்பத்தார் முறையிட்டு, நம் போதைத் தடுப்புப் பிரிவு விசாரித்து, அத்தை கொடுத்ததற்குச் சான்று சேர்த்த பிறகு 2021-இல் விடுதலையாகி வந்தார்கள். புறப்படுமுன் நடந்த பேச்சின் பதிவு கைபேசியில் இருந்தது அவர்களைக் காத்தது.

பிடிபட்டால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: 1963-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தப்படி கைதான அயல்நாட்டவர் தம் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்கக் கேட்கலாம். அதிகாரிகள் அந்த உரிமையை அவரிடம் சொல்லவும் வேண்டும். கேட்காமல் விட்டால் தானாக யாரும் வரமாட்டார்கள். மொழி புரியாமல் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. அரைகுறை ஆங்கிலம் தெரிந்தவர்களும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றே கேட்க வேண்டும், கேட்டதை எழுதிவைக்கச் சொல்ல வேண்டும். தங்கராஜு வழக்கைப் படித்தால் இதன் அவசியம் தெரியும். வீட்டில் இருப்பவர்கள் பார்சல் கொடுத்தவர் பெயர், தேதி, பேசிய செய்திகள் எதையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

பார்சல் சுமப்பது நம் சமூகத்தில் அன்பு. கப்பல் காலத்திலிருந்தே சென்னைக்குப் போகிறவர் கையில் பத்து வீட்டுப் பொட்டலம் போகும். மறுத்தால் மனிதனே இல்லை என்பார்கள். என் கடையே அப்படி வந்த சரக்கில்தான் தொடங்கியது. அதனால்தான் அந்த அம்மாவுக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிறகு சொன்னேன். பக்கத்து வீட்டுப் பார்சலை அவர்கள் எதிரிலேயே பிரித்துப் பார்க்கச் சொன்னேன். மனஸ்தாபம் வந்தால் நயினார் சொன்னான் என்று என் மேல் பழி போடச் சொன்னேன். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் கடைக்கே வந்து, "எங்களச் சந்தேகப்படறீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லி நான் கட்டிய பொட்டலத்தின் கதையைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பார்சலைத் திரும்ப வாங்கிக்கொண்டு தபாலில் அனுப்புவதாகச் சொல்லிப் போனார். அதில் முறுக்கும் ஒரு சேலையும்தான் இருந்தன.

பையனுக்கான சாமான்களை உள்ளே இருப்பது தெரிகிற கவரில் கட்டி, ஒவ்வொன்றின் பெயரையும் ஆங்கிலத்தில் எழுதி ஒட்டினேன். பட்டியலில் இருந்த கசகசாவை மட்டும் அடித்துவிட்டேன். முந்திரி அரைத்துப் போட்டால் குருமா கெட்டியாகும் என்று அம்மாவிடம் சொல்லி, நூறு கிராம் முந்திரி போட்டுக் கொடுத்தேன்.